ஏழாவது டேக் யாருடையது

இந்த ஒலிப்பதிவு அறையில் இருக்கிற கருவிகளை நீங்கள் என்னைவிட நன்றாக இயக்குவீர்கள். அதனால் மைக்கை எங்கே வைப்பது, எதை எவ்வளவு திருப்புவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. இத்தனை வருடம் ஒலிப்பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போனவள் உங்களிடம் உருப்படியாகச் சொல்லக்கூடியது அவள் செய்த தவறைத்தான். என் தவறு ஒரே ஒரு சொல். அதைத் திருப்பி வாங்க எனக்கு இருபது வருடம் ஆனது.

டேனியை உங்களுக்குத் தெரியும். சாந்தோம்காரர், ராக் கிடார் கலைஞர். அவருடைய பேண்டின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். ஆனால் அவருடைய தீவிர ரசிகர்களைக் கேட்டால் பேண்டைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். அவர் தனியாகவும் வேறு ஆட்களோடு சேர்ந்தும் செய்தவற்றைப் பற்றித்தான் விடிய விடியப் பேசுவார்கள். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் முன்னறையில் ஒற்றைக் கிடாரோடு பதிவு செய்த ஆல்பம் ஒன்று. அதில் சீலிங் ஃபேன் சத்தம் கேட்கும், ரசிகர்களுக்கு அந்தச் சத்தமும் பிடிக்கும். மயிலாப்பூர் மிருதங்க வித்வான் ஒருவரோடு வாசித்த நாலு நீளமான துண்டுகள் இன்னொன்று. மகள் பிறந்தபோது தானே பாடிய தாலாட்டுகள். குரல் சுமார்தான், இருந்தாலும் அதற்கென்று ஒரு கூட்டம் உண்டு. அப்புறம், 'பாலத்துக்குக் கீழ'. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் குடியிருந்த கானாப் பாடகர் பழனியோடு சேர்ந்து செய்த பாட்டு. மற்றவற்றைப் போல அதையும் பதிவு செய்தவள் நான்.

போன வருடம், பேண்ட் பிரிந்து பல காலம் ஆன பிறகு, ரசிகர்கள் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். பேண்டுக்கு வெளியே டேனி செய்ததில் எது பிடிக்கும், ஆளுக்கு மூன்று சொல்லலாம். அதிக ஓட்டு வாங்கிய ஐந்தையும் ஆழ்வார்பேட்டையில் ஓர் அரங்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில் டேனியே வாசிப்பார் என்று ஏற்பாடு. இதை நடத்தியவர் ஹரி. தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். விடைத்தாள் திருத்துகிற மாதிரியே ஓட்டுகளையும் இரண்டு முறை சரிபார்த்தார்.

ஒரு நாள் மத்தியானம் ஹரி ஃபோன் செய்தார்.

"மேடம், 'பாலத்துக்குக் கீழ'தான் முதல் இடம். பக்கத்துல கூட எதுவும் வரலை. அத்தனை பேரும் அந்த சோலோவைப் பத்திதான் எழுதியிருக்காங்க. ஒருத்தர், அப்பா இறந்தப்போ அதை மட்டும்தான் கேட்டேன்னு எழுதியிருக்கார். நீங்க பதிவு பண்ணினது. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

சந்தோஷம் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். பாட்டு நடுவில் கிடார் மட்டும் தனியாக ஒலிக்கும் அந்த சோலோவை வாசித்தது டேனி இல்லை.

நடந்தது இதுதான். அந்தப் பதிவின் கடைசி நாள் டேனிக்கு சாயங்காலம் விமானம். பேண்டோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். சோலோவை ஏழு முறை வாசித்தார். ஏழும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இருக்கறதுல நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிடு அக்கா, எனக்கு எது எதுன்னே மண்டையில நிக்கலை" என்று சொல்லிவிட்டு ஓடினார். கிடாரும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் அப்படியே இருந்தன.

ஆம்பில் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது என்று அன்று காலை பழனி தன் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயர் ஆறுமுகம். மின் வேலை தெரிந்தவர். கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர். பழுது பார்த்து முடித்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். டேனி போனதும் எழுந்து வந்தார்.

"மேடம், ஒரு தபா தொட்டுப் பாக்கட்டா?"

பாட்டை அவர் காதுக்கு ஓட விட்டேன். கைப் பழக்கத்தில் பதிவுப் பொத்தானையும் அழுத்தினேன். ஒரே ஒரு முறை வாசித்தார். முடித்துவிட்டு, "இன்னாவோ வந்துச்சு மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்று கிடாரைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு டேனி வாசித்த ஏழு டேக்கையும் கேட்டேன், ஆறுமுகத்தின் எட்டாவதையும் கேட்டேன். எட்டாவதுதான் பாட்டு. மற்றதெல்லாம் வெறும் திறமை. எட்டாவதை வைத்தேன். அதில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். டேனி திரும்பி வந்ததும் சொல்லலாம், அவருக்குச் சம்மதம் என்றால் ஆறுமுகம் பெயரைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் சி.டி. உறை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. டேனி வருவதற்குள் சி.டி.யும் வெளியே வந்துவிட்டது.

வந்தவர் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நானா இப்படி வாசிச்சேன்? எந்த டேக் இது?"

அவர் சந்தோஷத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான். "ஏழாவது" என்றேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் டேனி ஒரு டீ குடிக்கிற நேரம் முகம் வாடியிருப்பார். பிறகு அவரே ஆறுமுகத்தைத் தேடிப் போயிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்று தள்ளினேன். பழனியும் ஆறுமுகமும் இருந்த ஆற்றோரக் குடியிருப்பைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். ஆறுமுகம் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

ஹரி ஃபோன் செய்து பத்து நாள் கழித்து டேனி கூப்பிட்டார். ஒத்திகைக்கு வரச் சொன்னார். போனேன். மற்ற நான்கையும் அருமையாக வாசித்தார். ஐந்தாவதாக இதை எடுத்தார். மூன்றாவது வரி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். மறுபடி எடுத்தார், மறுபடியும் அதே இடம்.

"சுரம் எல்லாம் சரியா இருக்கு அக்கா. ஆனா அது இல்லை. என் விரல் அங்க போகவே மாட்டேங்குது. நான் வாசிச்சதையே என்னால வாசிக்க முடியலை." இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு எப்படி வாசிச்சேன்? நீதானே இருந்த? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

இரண்டாவது வாய்ப்பு. அதையும் விட்டேன். "அன்னிக்கு உனக்கு ஏதோ ஒரு வேகம், டேனி" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து அவர் மனைவி ஷீலா ஃபோன் செய்தார்.

"அக்கா, இவர் சரியா சாப்பிடறதில்லை. கையில நரம்பு போயிடுச்சுன்னு நினைக்கறார். ராத்திரியெல்லாம் அந்த ஒரு இடத்தையே வாசிச்சுக்கிட்டு இருக்கார். ஞாயிற்றுக்கிழமையோட நிறுத்திடறேன், மேடையிலயே சொல்லிடறேன்னு சொல்றார். இன்னிக்கு அடையாறுல டாக்டர்கிட்ட போயிருக்கார், ஊசி குத்தி ஏதோ டெஸ்ட்டாம். நான் வரேன்னா வேண்டாம்னுட்டார். நீங்க சொன்னா கேப்பார்."

மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்தேன். மனிதருக்குக் கை நன்றாக இருக்கிறது. என் பொய்தான் அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். எந்த வாக்கியமும் வரவில்லை.

கிளினிக்கில் நல்ல கூட்டம். டேனி சுவரோரமாக, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோக்கன் பதினாலு. உள்ளே பன்னிரண்டு போயிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி உட்கார்ந்தேன்.

"நீ எதுக்குக்கா வந்தே?"

"அந்த சோலோ நீ வாசிச்சது இல்லை, டேனி."

ஆரம்பம், முடிவு எல்லாம் அந்த ஒரே வாக்கியம்தான். அவர் என்னையே பார்த்தார். ஆம்பு சரி பண்ண வந்த ஆறுமுகம், அவர் கிளம்பிப் போன பிறகு வாசித்தது, நான் வைத்தது, ஏழாவது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். பதின்மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். டேனி அசையவில்லை.

"அப்ப என் கை?"

"உன் கைக்கு ஒண்ணும் இல்லை. அது இன்னொருத்தர் கை. அதான் உனக்கு வரலை."

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு. நர்ஸ் வந்து, "சார், பேஷண்ட்ஸ் இருக்காங்க" என்றார். "சாரி சிஸ்டர், எனக்குக் குணமாயிடுச்சு" என்று சொல்லி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து அம்மாள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

வெளியே படியில் இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தடியில் நின்றார்.

"இருபது வருஷமா கைதட்டு வாங்கிக்கிட்டிருக்கேன் அக்கா. எத்தனை பேர் வந்து, அந்த சோலோ எங்களை அழ வச்சிடுச்சுன்னு என் கையைப் பிடிச்சிருக்காங்க. தேங்க்ஸ், தேங்க்ஸ்னு சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ."

"சொல்லியிருக்கணும்" என்றேன். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் விட்டதுதான் இந்தக் கதையில் நான் செய்த முதல் சரியான காரியம்.

"அந்த ஆள் எங்க?" என்றார்.

பழனியைக் கூப்பிட்டோம். அவர் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறார்.

"ஆறுமுகமா? வடபழனில, டிப்போ பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கரண்டு வேலை பாத்துக்கினு கீறான். இன்னா நைனா, திடீர்னு?" டேனி விஷயத்தைச் சொன்னார். பழனி, "அவன் சொன்னப்ப நான்கூட நம்பலியேப்பா" என்றார்.

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் ஏணி மேல் நின்று ஒருவர் சீரியல் பல்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, ஆனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், இத்தினி வருசம் கழிச்சு?" என்றார். இறங்கவில்லை. டேனியைப் பார்த்ததும் கையில் இருந்த ஒயர் அப்படியே நின்றது.

"உங்க டேக்கைத்தான் சி.டி.யில வச்சேன். உங்ககிட்டயும் சொல்லலை, இவர்கிட்டயும் சொல்லலை. மன்னிச்சிடுங்க."

"தெரியும் மேடம். டீக்கடைல பாட்டு போட்டான், கேட்டேன். நம்ம கையி நமக்குத் தெரியாதா? வூட்ல போயி சொன்னேன். பொண்ணு சின்னப் புள்ள அப்போ. சி.டி. அட்டைய தடவிப் பாத்துட்டு, 'உன் பேரு இல்லியே நைனா'ன்னுச்சு. அதோட வுட்டுட்டேன். பீலா வுடறான்னு பேரு வாங்கணுமா இன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

டேனி ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னார். வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார். ஆறுமுகம் தலையாட்டினார்.

"வேணாம் சார். உன்னைப் பாக்க வர ஜனம். நடுவுல நான் யாரு? இன்னாடா இவன்னு பாப்பாங்க. அதெல்லாம் சரிப்படாது."

நான் மறுபடி கெஞ்சப் போனேன். டேனி கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணாந்து பார்த்து வேறு ஒன்று கேட்டார்.

"சரி, வர வேண்டாம். இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. மூணாவது வரியில என் விரல் போக மாட்டேங்குது. ரெண்டு வாரமா பாக்கறேன். என்ன பண்ணினீங்க அங்க?"

ஆறுமுகம் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டார். இடது கையைக் காற்றில் கிடார் மாதிரிப் பிடித்தார்.

"நீ மேல ஏறிப் போறியா?"

"ஆமா."

"அதான். நான் ஏறவே இல்ல. அதே எடத்துல நின்னுக்கினு கம்பிய இழுத்தேன். பழனி பாடறான் பாரு, 'ஏ'ன்னு, அந்தக் குரலு ஒடையும். அந்த மாரி இழுத்தேன்." இரண்டு முறை காற்றிலேயே இழுத்துக் காட்டினார். டேனி கீழே நின்று அதே மாதிரி செய்து பார்த்தார். "இல்ல, இல்ல, சுண்டாத, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே ஆறுமுகம் ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பந்தியிலிருந்து கை கழுவ வந்தவர்கள் எல்லாம் இரண்டு பெரியவர்கள் வாசலில் நின்று காற்றைப் பிசைவதை வேடிக்கை பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று ஆறுமுகமே கேட்டார்.

அடுத்த பிரச்சினை ஹரி. உண்மையைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், இதை மேடையில சொல்லணுமா? ஆறுமுகம் சாரை சிறப்பு விருந்தினர்னு கூப்பிட்டு வாசிக்க வச்சிடலாமே. ஜனங்க ஏமாந்த மாதிரி ஆயிடும். ஓட்டு போட்டிருக்காங்க. டேனி சார் பேர் கெடும்."

டேனி தானே சொல்வதாகச் சொன்னார். இருவரையும் மறுத்தேன். அவர் சொன்னால் அது பெருந்தன்மை ஆகிவிடும். அவருக்கு இன்னொரு கைதட்டு கிடைக்கும். விருந்தினர் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். சொல்ல வேண்டியவள் நான். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: நம் கையால் நடந்த தவறை நம்மைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்களிடம் சொல்லக் கொடுத்துவிடாதீர்கள்.

ஞாயிறு காலை அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை பார்த்த வருடங்களில் நான் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள். மேடை ஏறியது அதுதான் முதல் முறை. மற்ற நாலும் முடிந்தன. ஹரி முதல் இடத்தை அறிவித்தார். ஒரே ஆரவாரம். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் நான் மைக்கைப் பிடித்தேன்.

"இந்தப் பாட்டைப் பதிவு பண்ணினது நான். நீங்க எல்லாரும் ஓட்டு போட்ட அந்த சோலோவை வாசிச்சது டேனி இல்லை. ஆறுமுகம்னு ஒருத்தர். அவர் பேரை நான் போடலை. டேனிகிட்ட ஏழாவது டேக்னு பொய் சொன்னேன். அவருக்கே மூணு நாள் முன்னாடிதான் தெரியும். தப்பு முழுக்க என்னுது."

அப்படி ஓர் அமைதியை எந்த ஸ்டுடியோவிலும் நான் கேட்டதில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்து வெளியே போகிறார்கள் என்று நினைத்தேன். எழுந்தவர் பின்வரிசையில் ஒரு வயதான மனிதர். கையை வாயருகே குவித்துக்கொண்டு கேட்டார்:

"ஆறுமுகம் சார் வந்திருக்காரா?"

ஆறுமுகம் திரைக்குப் பக்கத்திலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டேனி தன் கிடாரைக் கழற்றி அவர் தோளில் மாட்டிவிட்டு, பின்னால் போய் இன்னொன்றை எடுத்துக்கொண்டு நின்றார். பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த பழனி பாட ஆரம்பித்தார். சோலோ வந்தது. பதிவில் இருப்பது மாதிரியே இல்லை. வயது ஏறியிருந்தது, இரண்டு இடத்தில் விரல் வழுக்கியது. ஆனால் மூன்றாவது வரியில் அவர் ஏறாமல் அதே இடத்தில் நின்று கம்பியை இழுத்தபோது எனக்குப் பின்னாலிருந்து டேனி சத்தமாக, "அப்படிப் போடு!" என்றார். முன்வரிசையில் சேலை கட்டிய ஒரு பெண் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஃபோனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறுமுகத்தின் மகள் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. டேனி நிறுத்துவது பற்றி எதுவும் பேசவில்லை. ஆறுமுகத்தோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பம் செய்யப் போவதாக அறிவித்துவிட்டார். ஆறுமுகத்திடம் அதுவரை கேட்கவே இல்லை. "இன்னாபா நீ பாட்டுக்கு சொல்ற?" என்று ஆறுமுகம் சொன்னது மைக்கில் கேட்டு அரங்கமே சிரித்தது.

கூட்டம் கலையும்போது சிலர் என்னிடம் வந்து பேசினார்கள். ஒரு பெண் மட்டும், "உங்களை என்னால மன்னிக்க முடியலை மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் நியாயம்தான். வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக ஹரி வந்தார். கையில் ஓட்டுப் பட்டியல். பாட்டின் பெயருக்கு நேரே பேனாவால் ஆறுமுகத்தின் பெயரை எழுதியிருந்தார். ஆசிரியர் கேட்கிற மாதிரியே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், மத்த பாட்டுலயெல்லாம் இந்த மாதிரி ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

கோபாலபுரத்துப் பங்களா, மிருதங்கம், தாலாட்டு, முப்பது வருடத்தில் என் கை பட்ட அத்தனை பதிவுகளும் ஒரு சுற்று மனதில் ஓடின. நிதானமாகவே யோசித்தேன்.

"இல்லை ஹரி. வேற எதுவும் இல்லை."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நல்ல வெயில். பசித்தது. இத்தனை நாளில் அன்றுதான் நன்றாகப் பசித்தது.